கொழுந்துக்குக் காற்று, கொய்தவளுக்கு இருட்டறையா?

யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த மலைகளில் உள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் சென்று பாருங்கள். பறித்து வந்த பச்சைக் கொழுந்து நீண்ட தொட்டிகளின் வலைமீது பரப்பப்படுகிறது. அடியிலிருந்து மின்விசிறி காற்றைச் செலுத்துகிறது. மழைக்காலத்து ஈரம் மிகுந்தால் வெப்பக்காற்றும் கலந்து ஊட்டப்படுகிறது. பல மணிநேரம் இந்த உபசாரம் நடைபெறும். ஏன்? காற்றுக் கிடையாத கொழுந்து புழுங்கிக் கெடும். கெட்டால் கொழும்பு ஏலத்தில் விலை விழும்!

இனி, அக்கொழுந்தைக் கொய்தவளின் லயத்துக்கு வாருங்கள். ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா. முன்னே சிறு இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். இரு பக்கச் சுவர்களுக்கு அப்பாலும் குடும்பங்கள். வாசற்பக்கம் ஒன்றே வெளியைப் பார்க்கிறது. உள்ளே விறகடுப்பு எரிகிறது, குழந்தை உறங்குகிறது, முதியவர் இருமுகிறார்.

காற்றின் இயல்பு யாவரும் அறிந்ததே. புக ஒரு வழியும் போக மறுவழியும் இருந்தாலன்றி அது ஓடாது. எதிரெதிர்ச் சாளரங்கள் வேண்டும். அன்றேல் சூடேறி மேலெழும் புகை வெளியேற முகட்டில் திறப்பாவது வேண்டும். தேங்கிய காற்றிலே விறகுப்புகை நெஞ்சை அரிக்கிறது. ஒருவரின் காசநோய்க் கிருமி மற்றவரைப் பற்றுதல் எளிதாகிறது.

இதனை லயம் கட்டிய வெள்ளைக்காரர் அறியாரா? நன்கு அறிவர்! முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளைத் தொழிலாளர் குடியிருப்புக்கென இனிக் கட்டலாகாது என்று 1909 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றமே சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் கடல் கடந்து வரவில்லை. ஆங்கிலத் தொழிலாளியின் நுரையீரல் வேறு, நம்மவர் நுரையீரல் வேறு போலும்!

நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலையறைகளில் தூய காற்று உலவ வழிசெய்ய வேண்டுமென விதிக்கிறது. பகலில் தொழிற்சாலையில் நிற்பவருக்குச் சட்டம் காற்றளிக்கிறது. இரவில் அவர் லயத்துக்குத் திரும்பியதும் அக்காவல் வாசலோடு நின்றுவிடுகிறது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. எசமானர் மாறினர், பின்சுவர் மாறவில்லை.

“குளிருக்கு அஞ்சி அவர்களே சாளரத்தை அடைக்கின்றனர்” என்பார் சிலர். நுவரெலியாவுக்குப் பொருந்தும் இச்சாக்கு, களனி கங்கைக் கரையின் புழுக்கத்தில் வாழும் யட்டியாந்தோட்டைக்குப் பொருந்துமா? “புதிய வீடுகள் வரும், பொறுங்கள்” என்பார் வேறு சிலர். வீடு வரட்டும், வரவேற்போம். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருக்க மனிதரால் இயலுமா?

தோட்டங்களுக்குப் பிரதேச சபை பணம் செலவிட 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாயிருந்தது உண்மை. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, அந்தத் தடையைக் காட்டித் தப்புதல் இனிச் செல்லாது.

நாம் கேட்பது மாளிகையன்று. ஒவ்வொரு லயமும் சுகாதாரப் பரிசோதகரால் அளந்து பதியப்படட்டும். இயலும் இடத்தில் வாசலுக்கு எதிரே இன்னொரு திறப்பும், இரட்டை லயத்தில் முகட்டுத் திறப்பும், அடுப்புக்குப் புகைபோக்கியும் உடனே அமையட்டும். இரட்டை லயங்களே முதலில் அகற்றப்படட்டும். குடியிருப்பவருக்கு மனையின் உரிமைப் பத்திரம் வழங்கப்படட்டும். தன் சுவரில் ஒரு சாளரம் திறக்கத் தோட்டத்துரையின் தயவை அவர் ஏன் நாடவேண்டும்?

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே, உங்கள் கல்வி இதற்குப் பயன்படட்டும். உழவர் பெருமக்களே, ஈரநெல்லைக் காற்றுப்படாமல் மூட்டையில் அடைத்தால் என்னவாகுமென நீங்கள் அறிவீர்கள். நெல்லுக்குக் காட்டும் பரிவை, கொழுந்துக்குக் காட்டும் கவனத்தை, மனிதருக்கும் காட்டுக என்பதே நம் வழக்கு. இவ்வழக்கில் இனித் தவணை கொடுப்பதற்கில்லை!