தெரு முதலில் நமக்கு

ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிற நம்மவர்கள் தேக்காவை மிதிக்காமல் திரும்புவதில்லை. தாலிக்குத் தங்கம், சாமிக்கு மாலை, சமையலுக்கு மசாலை எல்லாம் சிராங்கூன் ரோட்டிலே கிடைக்கும். அதே ரோட்டில் கேமராவும் கையுமாகச் சுற்றுப்பயணிகள் நடக்கிறார்கள். நமக்குக் கடைத்தெரு, அவர்களுக்கு அது வேடிக்கை. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன?

1989ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசாங்கம் அறிவித்தது. பழைய கடைவீடுகள் தப்பின. ஏறக்குறைய அதே சமயத்தில் கேலாங் சிராயில், கம்பத்து வீடுகளைப் போலவே கட்டி 'மலாய் கிராமம்' அமைத்தார்கள். பயணிகளுக்குக் காட்டுவதற்கென்றே கட்டிய கிராமம் அது. குடியிருப்பவர் யாருமில்லை. எதிர்பார்த்த கூட்டம் வராமல் 2011இல் மூடப்பட்டது.

தேக்கா ஏன் மூடவில்லை? அது காட்டுவதற்காக உண்டானதல்ல. 1982இல் புதுக் கட்டடத்துக்கு மாறிய சந்தையில் இன்றும் மீனுக்கும் கீரைக்கும் ஆள் வருகிறது. தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படுகின்றன. பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் புறப்படும்!

இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே கடைக்காரர்கள் சேர்ந்து 'லிஷா' என்ற வர்த்தகர் மரபுடைமைச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பயணத்துறைக் கழகத்தின் துணையோடு தீபாவளி விளக்கலங்காரம் செய்கிறார்கள். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம் அது. பஃபலோ ரோடு என்ற பெயரே சாட்சி. பொங்கல் சமயத்தில் மாடுகளை வரவழைத்து நகரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியும் வந்திருக்கிறார்கள். 2015இல் கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கு, பாட்டன் பாட்டி வைத்திருந்த பொருள்களைக் குடும்பங்களே கொடுத்து உதவின.

ஆபத்து இல்லாமலில்லை. கூட்டம் பெருகினால் வாடகை ஏறும். மளிகைக் கடை போய்ச் சாவிக்கொத்துக் கடை வரும். வீட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டால், மலாய் கிராமத்தின் கதிதான்.

தோட்டத்துப் பெற்றோர்களே, நம் தீமிதியையும் லயத்தையும் படம் பிடிக்க ஆட்கள் வந்தால் விரட்ட வேண்டாம். வாய் பிளந்து நிற்கவும் வேண்டாம். எந்த நேரம் வரலாம், எங்கே படம் எடுக்கலாம், வரும் காசு யாருக்கு என்பதைக் கோயில் கமிட்டி கூடி முடிவு செய்யட்டும். பெண்களும் அதில் உட்காரட்டும். கணக்கைப் பலகையில் எழுதி வையுங்கள். விருந்தாளியை வரவேற்போம், வீட்டுச் சாவி மட்டும் நம் இடுப்பிலேயே இருக்கட்டும்.