சுற்றுவழிக்குக் காரணமும் எழுதுக

அச்சான நூலில் பிழை நேர்ந்தால் கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் சேர்க்கலாம். வாசகர் பேனாவால் திருத்திக்கொள்வார். சிலிக்கான் சில்லில் பதிந்துவிட்ட பிழைக்கு அவ்வசதி இல்லை. உற்பத்தியாளர் பிழைப்பட்டியல் வெளியிடுவார்; அப்பிழையோடு காலந்தள்ளும் பொறுப்பு, சில்லை இயக்கும் நிரலை எழுதுவோரைச் சாரும். அவர்கள் காணும் உபாயத்தைச் சுற்றுவழி என்றே வழங்க விரும்புகிறேன். திருத்தம் என்பது பொருந்தாது. பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறதன்றோ!

களத்திலுள்ள அளவைக் கருவிகளைக் கணிப்பொறியோடு இணைக்கும் சீரியல் போர்ட்டில் இத்தகைய பிழைகள் பல உண்டு. வினாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் எனக் கொண்டால், ஏறத்தாழ 87 மைக்ரோ வினாடிக்கு ஓர் எழுத்து வந்து சேரும். பழைய 8250 சில்லில் வந்த எழுத்து ஒன்று தங்கவே இடமுண்டு. அடுத்தது வந்து சேருமுன் செயலி அதனை எடுக்கத் தவறினால் முந்தியது அழிந்துபடும். பின்வந்த 16550 சில், 16 எழுத்துகள் வரிசையில் தங்க இடமளித்தது; ஆனால் அவ்விடமே பழுதாய் அமைந்தது. 16550ஏ என்னும் மறுவடிவில்தான் குறை நீங்கிற்று. லினக்ஸின் இயக்கி நிரல், சில்லின் பதிவகம் ஒன்றில் மேலிரு பிட்டுகளைப் பார்க்கிறது. இரண்டும் 1 ஆயின் நல்ல சில்; மேற்பிட் மட்டும் 1 ஆயின் பழுதுற்றது எனக் கொண்டு, அதனை ஓரெழுத்துச் சில்லாகவே நடத்துகிறது.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஒமாப் செயலிகள் சிலவற்றின் பிழை இன்னும் நுட்பமானது. பட்டியலில் அதன் எண் ஐ202. சீரியல் பகுதியின் முறைமைப் பதிவகத்தில் எழுதியவுடனே வேறு பதிவகத்தைத் தொட்டால் தரவு சிதையக்கூடும். சுமார் 0.2 மைக்ரோ வினாடி பொறுத்தால் போதும். இயக்கி நிரலோ அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 2 மைக்ரோ வினாடி பொறுக்கிறது. பிழையின் எண், அது பற்றிய செயலிகள், பொறுக்கும் கணக்கு யாவும் அவ்வரியின் மேலேயே குறிப்பாக எழுதப்பட்டுள்ளன.

இத்தகைய குறிப்புகள் நிரலுக்கு அழகல்ல என்பாருளர். எனக்கு அது உடன்பாடன்று. குறிப்பை நீக்கிப் பாருங்கள்: ஒரு வீண் தாமதமே எஞ்சும். ஆர்வமுள்ள புதியவர் எவரேனும் அதனை அகற்றுவார். ஆய்வுக்கூட மேசையில் எல்லாம் செம்மையாக ஓடும். பின்னர் எங்கோ ஒரு நிலையத்தில், என்றோ ஒருநாள், மழையளவில் ஓர் இலக்கம் மாறி வரும். பழி கம்பியின்மீதோ, அளவெடுத்த ஊழியர்மீதோ விழும். “ஏனென்று தெரியவில்லை, ஆனால் இப்படிச் செய்தால் ஓடுகிறது” என்னும் குறிப்பும் ஏறக்குறைய இதே தீங்கையே விளைக்கும்.

களப்பணியாளர்க்கும் இதில் பங்குண்டு. “நிறுத்தி மீண்டும் இயக்கினேன், சரியாயிற்று” என்று பதிவேட்டில் எழுதுவதால் நிரல் எழுதுவோருக்குப் பயனில்லை. சில்லின் பெயர், வடிவ எண், தொடர்பு வேகம், தவறிய வாசிப்பு வந்தபடியே, அதற்குச் சற்று முன் கருவியில் மாற்றிய அமைப்பு ஆகியவற்றைக் குறித்தனுப்பினால், அவர் பிழைப்பட்டியலை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆசிரியர்கள் அப்பட்டியல் ஒன்றை வகுப்பிலே மாணவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்யலாம். பாடநூலில் சில்லுகள் பிழையே செய்வதில்லை.