கூடி ஓடுவோம்

கல்லூரி விளையாட்டு விழாவிலே முதலாவதாக வந்தவனுக்குக் கிண்ணம் கிடைக்கின்றது. கடைசியாக வந்தவனோ அன்றோடு ஓட்டத்தையே கைவிடுகின்றான். காலையிலே தோழர் கூடி ஓடுதலே இக்குறையைப் போக்கும் வழியென நாம் கருதுகின்றோம்.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலே காலணித் தொழிற்சாலையில் வேலைசெய்த ஆர்தர் லிடியார்ட் என்பார், தம் புறநகர் இளைஞரைக் குன்றுச் சாலைகளில் 22 மைல் ஓடப் பழக்கினார். அவருள் பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மரே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும், 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வென்றனர். பின்னர் நடுவயதினரையும் அவர் ஓடவைத்தார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும் என்பதே அவர்களுக்கு அவர் சொன்ன விதி.

மலையேறி இறங்கும் நமக்கு ஓட்டம் எதற்கு எனச் சிலர் வினவுவர். கொழுந்துக் கூடை சுமக்கும் தாய்க்கு அது வேண்டாதிருக்கலாம். மேசையிலே குனிந்து படிக்கும் மகனுக்கு வேண்டும்.

நோட்டன் பிரிட்ஜின் ஏற்ற இறக்கச் சாலைகள் இதற்கு ஏற்றவை. ஆயினும் தனியே ஓடுதல் தகாது. மூடுபனியில் வளைவிலே வரும் பஸ் தெரியாது. தேயிலை மலைகளிற் சிறுத்தையும் உலவும். ஆதலின் பொழுது புலர்ந்தபின், லயந்தோறும் தோழரைச் சேர்த்துக்கொண்டு புறப்படுக. மெதுவாக ஓடுபவனை முன்னே விடுக. அவன் வேகமே அனைவரின் வேகமாகட்டும்.

பரிசளிப்பு விழாவுக்கு வரும் பழைய மாணவர், விடுமுறைக் காலையிலே இளையோருடன் ஓடவும் வருவாராக. அதற்குக் கிண்ணமும் வேண்டா, மைதானமும் வேண்டா.