கரையில் ஒரு மீன், கணக்கில் ஒரு 'மீன்'

சாதம் வெந்துவிட்டதா என்று பார்க்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பானையிலுள்ள பருக்கைகள் அத்தனையையுமா நசுக்கிப் பார்க்கிறீர்கள்? கரண்டியால் ஒரு கிளறு கிளறி, நாலு பருக்கையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அடுப்பை அணைக்கிறீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாட்டி காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம்.

இதே காரியத்தைத்தான் உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ என்ஜினீயரிங் கல்லூரியில் 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்ற பெயரில், பணம் கட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணா பல்கலைக் கழகம் 2021-ஆம் ஆண்டு வகுத்த பாடத் திட்டத்தில், இரண்டாவது ஸெமஸ்டரிலேயே இதை வைத்துவிட்டது. போதாக் குறைக்கு, 'ஆர்' என்று ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட கம்ப்யூட்டர் மொழி ஒன்றையும் பலர் கற்றுக்கொள்கிறார்கள். "கணக்கைத்தான் மெஷினே போட்டுவிடுகிறதே, இவன் எதற்காக நடு ராத்திரி வரை கண் விழிக்கிறான்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் தேடக் கல்லூரிக்குப் போக வேண்டாம். கடற்கரைக்குப் போவோம், வாருங்கள்.

தூத்துக்குடியிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் தருவைகுளம் என்ற ஊர் வரும். அங்கிருந்து விசைப் படகுகள் வலையேற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய், பல நாள் தங்கி, சூரையும் சீலாவும் கொண்டுவருகின்றன. (சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்லும் மீன்தான் அந்தப் பக்கத்தில் சீலா.) அந்தக் கரையில் நின்றுகொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஆங்கிலத்தில் சராசரிக்கு 'மீன்' என்று பெயர். ஆகவே நாம் பார்க்கப் போவது மீனுக்கு 'மீன்'!

உதாரணமாக, ஒரு நாள் பத்துப் படகுகள் கரை சேருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது படகுகளில் தலைக்கு 100 கிலோ மீன். பத்தாவது படகுக்கு அதிருஷ்டம். அதில் 1,100 கிலோ. மொத்தம் 2,000 கிலோ. பத்தால் வகுத்தால் சராசரி 200 கிலோ. 'ஆர்' மொழியில் பத்து எண்களையும் கொடுத்து 'மீன்' என்று கட்டளை இட்டால், கண் இமைக்குமுன் 200 என்று விடை வந்துவிடும். விடையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 200 கிலோ மீனோடு வந்த படகு அந்தக் கரையில் ஒன்றுகூட இல்லை! இந்தச் சராசரியை நம்பி, டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கினால் அந்த ஒன்பது படகுக்காரர்களின் கதி என்ன?

அதனால்தான் மாணவனுக்கு இன்னொரு வழியும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள் என்கிறார்கள். இதற்கு 'மீடியன்' என்று பெயர், தமிழில் இடைநிலை. நம் பத்துப் படகுகளுக்கு அது 100 கிலோ. மெஷினுக்கு இரண்டு கட்டளையும் ஒன்றுதான். எதை எப்போது கேட்பது என்பது கேட்கிறவரின் பொறுப்பு.

சரி, எல்லாப் படகையும் நிறுத்து, எல்லா மீனையும் எடை போட முடியுமா? நம் நாட்டுக் கடற்கரை முழுவதும் அப்படிச் செய்ய ஆள் ஏது? 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். கரையைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தத் துறைக்கு எந்த நாளில் போவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று வந்த படகுகள் 15-க்குள் இருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால் சிலவற்றை மட்டும். நாலு பருக்கைதான், ஆனால் அவரவர் இஷ்டத்துக்கு எடுத்த பருக்கை அல்ல.

இந்தப் பருக்கை வித்தையைத் தூத்துக்குடிக் கடல் நெடுங்காலமாக அறியும். அங்கே கடலடியில் முத்துச் சிப்பி வளரும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். முத்துக் குளிப்பை அறிவிக்கு முன்னால், அதிகாரிகள் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வரச் சொல்வார்கள். அவற்றை அழுக விட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைச் சலித்துத் தரம் பிரித்து, வியாபாரிகளைக் கொண்டு மதிப்புப் போடுவார்கள். 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்' என்று கணக்கு வரும். கட்டுபடியானால் குளிப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிறகு திறக்காத சிப்பிகளே ஏலத்துக்கு வரும். வாங்குகிறவர் சிப்பிக்குள் இருப்பதைப் பார்க்காமலே பணத்தைக் கொட்ட வேண்டும். அவருடைய சொத்தெல்லாம் அந்தச் சில ஆயிரம் சிப்பிகளின் நாணயத்தில் தொங்குகிறது! தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை இப்படி முத்துக் குளிப்பு நடந்தது. அதோடு சரி, பிறகு நடக்கவில்லை.

மாதிரியைச் சரியாக எடுத்தாலும் இன்னொரு பொறி இருக்கிறது. அதே மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையில், அது ஒரு கம்பெனியையே கவிழ்த்தது. அங்கே 1903-லிருந்து வருஷா வருஷம் அமோக அறுவடை. 1905-ல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் வந்தன. அதைப் பார்த்து, 1906-ல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி அந்தப் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை! பல ஆண்டுகள் குளிப்பே நடக்கவில்லை, கம்பெனியும் கலைந்தது. நல்ல வருஷங்களை மட்டும் பார்த்துப் போட்ட சராசரி, கெட்ட வருஷத்துக்கு வழிகாட்டுமா?

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். 'ஆர்' மொழியை நியூஸிலாந்திலுள்ள ஆக்லாந்து பல்கலைக் கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். இருவர் பெயருக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'ஆர்'. இரண்டாமவர் பெயருக்கேற்ற கனவான்தான் போலும். அந்த மொழியை உலகத்துக்கு இலவசமாகவே விட்டுவிட்டார்கள். முதல் முழுப் பதிப்பு 2000 பிப்ரவரியில் வெளிவந்தது.

இதை வைத்துக்கொண்டு மாணவன் ஒரு வேடிக்கை செய்யலாம். ஒரு லட்சம் சிப்பிகள், அவற்றில் நூற்றுக்கு ஐந்தில் முத்து என்று ஒரு கற்பனைப் பாரைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே படைக்கிறான். அதிலிருந்து 100 சிப்பியைக் குருட்டாம்போக்கில் எடு என்கிறான். ஒரு தடவை மூன்று முத்து வரும். இன்னொரு தடவை எட்டு. இப்படி ஆயிரம் தடவை எடுக்கச் சொல்கிறான். சில விநாடியில் முடிந்துவிடும். விடை, உண்மையான ஐந்துக்கு மேலும் கீழும் சுமார் இரண்டு அளவுக்கு ஊசலாடுவதைக் காண்கிறான். அடுத்து, 100-க்குப் பதில் 400 சிப்பி எடுக்கிறான். ஊசலாட்டம் கால் பங்காகக் குறையும் என்றுதானே தோன்றுகிறது? இல்லை, பாதியாகத்தான் குறைகிறது. துல்லியம் இரு மடங்காக வேண்டுமானால் நாலு மடங்கு சிப்பி எடுக்க வேண்டும். இந்த விதியைக் கரும்பலகையில் பார்த்தால் மறந்து போகும். தானே செய்து பார்த்தால் மறக்காது.

இந்த வசதி இல்லாத காலத்தில் பட்ட பாட்டைக் கேளுங்கள். டப்ளின் நகரத்தில் கின்னஸ் மதுபானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காஸெட் என்பவர், 3,000 பேருடைய உடல் அளவுகளை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நந்நான்காகப் பிரித்து, 750 சராசரிகளைக் கண்டார். 1908-ல் அதை வெளியிட்டபோது சொந்தப் பெயர் போடாமல் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன், என்றே போட்டுக்கொண்டார். இன்றும் உங்கள் பிள்ளை அந்த 'மாணவன்' பெயரால் வழங்கும் சோதனையைத்தான் படிக்கிறான்.

"மீனும் முத்தும் இருக்கட்டும், என்ஜினீயருக்கு இதனால் என்ன?" என்கிறீர்களா? உங்கள் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் கூரையைச் சற்று அண்ணாந்து பாருங்கள். அது எத்தனை பலம் என்று உடைத்துப் பார்க்கவா முடியும்? தளம் போடும்போதே அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 28 நாள் நீரில் பதப்படுத்தி, மெஷினில் வைத்து நசுக்குகிறார்கள். மூன்று கட்டிகளின் சராசரிதான் ஒரு மாதிரியின் பலம். மூன்றில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் விலகினாலும் அந்த முடிவு செல்லாது என்கிறது இந்தியத் தர விதி 456. ஆனால் கட்டிக்கு மட்டும் நல்ல கலவையைப் பொறுக்கி வார்த்துவிட்டு, தளத்துக்குத் தண்ணீர்க் கலவையை ஊற்றினால்? 'ஆர்' மொழி அந்தக் கட்டிகளுக்கும் அழகாகச் சராசரி போட்டுக் கொடுக்கும். அதற்கு மனச்சாட்சி கிடையாது. கிளறாத பானையில் மேல் பருக்கையைப் பார்த்துவிட்டு, அடி குழைந்ததை அறியாதவர்போல் ஆகிவிடுவோம்.

ஆகவே, பிள்ளை கண் விழித்துப் படிப்பது வீண் அல்ல. கூட்டிப் பெருக்கும் வேலையை மெஷின் ஏற்றுக்கொண்டதால், 'மாதிரியை எப்படி எடுத்தாய், எந்தச் சராசரியைக் கேட்டாய், எத்தனை ஊசலாடும்?' என்ற மூன்று கேள்விகளுக்கும் மனிதன் இன்னும் அதிகமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களுக்கும் ஆசையிருந்தால் தொடங்கலாம். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஷலப், 'ஆர்' மொழியை அடியிலிருந்து கற்பிக்கும் பாடங்களை என்.பி.டி.இ.எல். திட்டத்தில் நடத்தியிருக்கிறார். முதல் பயிற்சிக்கு முத்தும் வேண்டாம், மீனும் வேண்டாம். வீட்டின் பன்னிரண்டு மாதச் செலவுக் கணக்கு போதும். சராசரியையும் இடைநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால், எந்த மாதம் அதைச் செய்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் தீபாவளிதான் அகப்படும். அகப்பட்டதை வீட்டுக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்பதற்கு மட்டும் எந்தக் கம்ப்யூட்டர் மொழியிலும் கட்டளை கிடையாது!