பில்லை அஞ்சால வகுக்காதீங்க

சம்பளம் வந்து ரெண்டாவது நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெங்களூரு இந்திராநகர்ல ஒரு ப்ரூபப். நாங்க அஞ்சு பேர். நாலு பேர் மதுரை, கோயம்புத்தூர், திருச்சின்னு நம்ம ஊர்லேர்ந்து வேலைக்காக அங்க போய் செட்டில் ஆனவங்க. நான் மட்டும் சென்னையிலேர்ந்து ஒரு ஆடிட் வேலையா போயிருந்தேன்.

முதல்லயே சொல்லிடறேன். இது குடிக்கச் சொல்ற பதிவு இல்ல. குடிக்காதீங்கன்னு அட்வைஸ் பண்ற பதிவும் இல்ல. அதுக்கு உங்க வீட்லயே ஆள் இருப்பாங்க. “மாசம் ரெண்டு தடவை பப்புக்குப் போற காசை எஸ்ஐபில போட்டா இருபது வருஷத்துல எத்தனை லட்சம்”னு கணக்கு போடவும் போறதில்ல. அந்த மாதிரி வீடியோ நானும் ஒண்ணு ரெண்டு போட்டிருக்கேன், ஒத்துக்கறேன். ஆனா நண்பர்களோட உக்காந்து சிரிச்சுப் பேசற மூணு மணி நேரத்தை மியூச்சுவல் ஃபண்டோட ஒப்பிடறது இப்போ எனக்கே அபத்தமா தெரியுது. என் பிரச்சினை செலவு இல்ல. அந்தச் செலவை நாம பிரிக்கற விதம்.

சரி, அந்த சாயங்காலத்துக்கு வருவோம். ப்ரூபப்ல பீர் அங்கேயே காய்ச்சறாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி பெரிய பெரிய டேங்க் நிக்கும். முதல்ல ஒரு சாம்ப்ளர் சொன்னோம். ஒரு மரப்பலகையில வரிசையா சின்ன கிளாஸ்ல வரும். ஹெஃபவைஸன்னு ஒண்ணு, கோதுமை பீர். வாழைப்பழ வாசனையும் லேசா கிராம்பு வாசனையும் வரும். பழமும் போடல, கிராம்பும் போடல, ஈஸ்ட் பண்ற வேலை அது. அப்புறம் ஐபிஏ, ஹாப்ஸ் தூக்கலா போட்டது, நல்ல கசப்பு. கடைசியா ஸ்டவுட், கறுப்பு. வறுத்த பார்லி சேர்க்கறதால நம்ம ஃபில்டர் டிகாக்‌ஷனைப் பால் இல்லாம குடிச்ச மாதிரி இருக்கும். ஒரு சாம்ப்ளர்ல நாலு பேரும் ஆளுக்கு ஒரு வாய் பார்த்துட்டு, பிடிச்சதை ஆர்டர் பண்ணோம். பிடிக்காத பீரை முழு கிளாஸ் வாங்கி மூடி வைக்கறதை விட இது எவ்வளவோ மேல்.

நாலு பேர்னு சொன்னேன் பாருங்க. அஞ்சாவது ஆள் ஒரு தம்பி. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம், எங்க குரூப்லயே சின்னவன். குடிக்க மாட்டான், அசைவமும் கிடையாது. ஒரு ஃப்ரெஷ் லைம் சோடாவும் ஃபிரெஞ்ச் ஃபிரைஸும் வச்சுக்கிட்டு ராத்திரி பத்தரை வரைக்கும் எங்களுக்குச் சமமா சிரிச்சுட்டு இருந்தான்.

பில் வந்துச்சு. சர்வீஸ் சார்ஜ்னு 10 சதவீதம், 835 ரூபாய் போட்டிருந்தாங்க. அது வரி இல்ல, அரசாங்கத்துக்குப் போற பணம் இல்ல. கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்துடுச்சு. அது சரிதான்னு டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சுல சொல்லிடுச்சு. “இதை எடுத்துடுங்க”ன்னு கேட்டேன், மறுபேச்சு இல்லாம எடுத்துட்டாங்க. உங்களுக்கு எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா 1915-க்கு ஃபோன் பண்ணுங்க. நல்லா கவனிச்ச பையனுக்கு டிப்ஸ் தனியா கையில கொடுத்தோம்.

மிச்சம் இருந்த பில் இதுதான். பீர் 11 கிளாஸ், ஒண்ணு 450 வீதம் 4,950. சாம்ப்ளர் 400. சாப்பாடு, லைம் சோடா எல்லாம் சேர்த்து 3,000, அதுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 150. மொத்தம் 8,500. பீருக்கு ஜிஎஸ்டி கிடையாது, மது இன்னமும் மாநில வரிக்குள்ளதான் இருக்கு. அதனாலதான் நிறைய இடத்துல சாப்பாடு தனி, சரக்கு தனின்னு பிரிச்சே பில் போடறாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் வேணும்.

இப்போ நான் பண்ண காரியம். ஃபோனை எடுத்தேன், கால்குலேட்டர்ல 8,500-ஐ அஞ்சால வகுத்தேன். “ஆளுக்கு 1,700 மச்சி”ன்னு சொன்னேன். எல்லாரும் ஜிபே பண்ணாங்க. தம்பியும் பண்ணான். முகத்துல ஒண்ணும் தெரியல.

அடுத்த தடவை நான் பெங்களூரு போனப்போ அவன் வரல. “ஏதோ வேலையாம்”னு சொன்னாங்க. அதுக்கடுத்த தடவையும் வரல. ஃபோன் பண்ணிக் கேட்டேன். முதல்ல மழுப்பினான். அப்புறம் சொன்னான்: “அண்ணா, எனக்கு உங்ககூட உக்காந்திருக்கப் பிடிக்கும். ஆனா மாசம் ரெண்டு தடவை வந்தா ஊருக்கு அனுப்பற காசுல கை வைக்க வேண்டியிருக்குண்ணா.”

அவன் கைக்கு வர்ற சம்பளம் 27,000. பிஜிக்கு 9,000, வீட்டுக்கு 8,000. மிச்சம் 10,000-ல பஸ், ஃபோன், சாப்பாடு, துணிமணி எல்லாம். அதுல ரெண்டு வெள்ளிக்கிழமைக்கு 3,400.

அன்னைக்கு ராத்திரி அந்தப் பழைய பில்லை எடுத்து உக்காந்து பார்த்தேன். அடுத்தவங்க கணக்கைத் தணிக்கை பண்றதுதான் என் பொழைப்பு, சொந்தக் கணக்கை அன்னைக்குத்தான் பார்த்தேன். சாப்பாட்டை எல்லாரும் சமமா பிரிச்சுக்கறோம்னே வச்சுக்கோங்க, ஆளுக்கு 630. தம்பி கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். கொடுத்தது 1,700. கூடுதலா 1,070. அந்தக் காசு எங்க போச்சு? எங்கள்ல ஒருத்தன் நாலு கிளாஸ் குடிச்சான். அவன் பங்கு 2,530, அவனுக்கு 830 லாபம். அவன் டீம் லீட், மாசம் லட்சத்துக்கு மேல வாங்கறான். மூணு கிளாஸ் குடிச்சவனுக்கு 380 லாபம். ரெண்டு கிளாஸ் குடிச்ச எனக்கும் இன்னொருத்தனுக்கும் 70 ரூபாதான் நஷ்டம், அது எங்களுக்கு உறைக்கக்கூட இல்ல. ஆக, குரூப்லயே கம்மியா சம்பாதிக்கறவன், அதிகமா சம்பாதிக்கறவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்திருக்கான். எங்க யாருக்கும் தெரியாம. தெரிஞ்சா அந்த டீம் லீடே கூச்சப்பட்டிருப்பான், அவன் கெட்டவன் இல்ல.

“ஃபிரெண்ட்ஸ்குள்ள என்ன கணக்கு”னு சிலர் கேப்பீங்க. கணக்கு பார்க்காம இருக்கறது பெருந்தன்மைன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். எனக்கு அது வசதி உள்ளவனோட சோம்பேறித்தனமாத்தான் தெரியுது. இல்லாதவன் ஒவ்வொரு ரூபாயையும் மனசுக்குள்ள கணக்கு பார்த்துட்டுத்தான் இருப்பான், வாயைத் திறக்க மாட்டான். “எனக்கு மட்டும் தனியா போடுங்க”ன்னு அவனால கேக்க முடியாது, கேட்டா கஞ்சன்னு பேர் வந்துடும். அதனால அவன் வர்றதை நிறுத்திடுவான். இதை முதல்ல வாயைத் திறந்து சொல்ல வேண்டியது டேபிள்ல அதிகமா சம்பாதிக்கற ஆள்தான். அதுவும் பில் வந்தப்புறம் இல்ல, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே. “சரக்கு குடிக்கறவங்க தனி, சாப்பாடு பொது, சரியா?” இவ்வளவுதான். கடைக்காரன் ஏற்கனவே பிரிச்சுத்தானே பில் போடறான்?

ஒரு எச்சரிக்கை: பிட்சர் சொன்னா இந்தக் கணக்கு நிக்காது. யார் எவ்வளவு ஊத்திக்கிட்டாங்கன்னு கடவுளுக்கே தெரியாது. பார்ட்னர்ஷிப் கம்பெனி கடன் மாதிரி, எல்லார் தலையிலயும் விழும். கிளாஸ் கணக்குல வாங்குங்க.

இன்னொண்ணு, கார்டு தேய்க்கற ஆளுக்கு. ரிவார்டு பாயின்ட் வரும்னு மொத்த பில்லையும் உங்க கிரெடிட் கார்டுல போடறீங்க. நாலு பேர் அனுப்பற 6,800 உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வந்து உக்காரும். அடுத்த மூணு வாரத்துல அது உங்க காசு மாதிரியே செலவாகிடும். அப்புறம் ஸ்டேட்மென்ட் வரும்போது கையில இருக்காது, மினிமம் டியூ மட்டும் கட்டுவீங்க. நிறைய கார்டுல மாசம் 3.5 சதவீதம் வரைக்கும் வட்டி, வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. பாக்கி வச்சா புதுசா வாங்கற பொருளுக்கும் முதல் நாள்லேர்ந்து வட்டி ஓடும். பணம் வந்த அன்னைக்கே அதைக் கார்டுல கட்டிடுங்க, டியூ டேட் வரைக்கும் காத்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. “நண்பர்கள் ஜிபே பண்ற காசுக்கு வரி உண்டா சார்”னு கமெண்ட்ல அடிக்கடி கேக்கறீங்க. கிடையாது. நீங்க அவங்களுக்காகக் கொடுத்ததைத்தான் திருப்பித் தர்றாங்க, அது வருமானம் இல்ல. பில்லோட ஒரு ஃபோட்டோ வச்சுக்கோங்க, போதும்.

வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க. முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் சட்டத்துல இருக்கு. இந்திராநகர்ல மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு.

போன மாசம் மறுபடியும் போனேன். உக்காந்த உடனே நானே சொல்லிட்டேன், சரக்கு தனி, சாப்பாடு பொதுன்னு. டீம் லீட் ஒரு நொடி என்னைப் பார்த்தான், “ஆமாடா, கரெக்ட்”னு மெனு கார்டைத் திறந்துட்டான். அவ்வளவுதான், யாருக்கும் கோவம் வரல. தம்பி வந்திருந்தான். இந்தத் தடவை பன்னீர் டிக்கா அவனே கேட்டு வாங்கினான், ரெண்டு லைம் சோடா. அவன் பங்கு 585. அனுப்பிட்டு, “அடுத்த வெள்ளிக்கிழமை எங்கண்ணா?”ன்னு கேட்டான். நான் அடுத்த வெள்ளி சென்னையில இருப்பேன்டா, இவங்ககூட போன்னு சொன்னேன்.