எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஏதாவதொரு பொழுதுபோக்கு அவசியம் என்று உபதேசம் செய்கிறவர்கள், அந்தப் பொழுதுபோக்கு ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையும் நான்கு சக்கரங்களும் உடையதாக இருத்தலாகாது என்று விலக்கு எதுவும் சொல்லி வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டுதான், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக் கொட்டகையில், உர மூட்டைகளுக்கும் உடைந்துபோன மருந்து தெளிக்கும் கருவிகளுக்கும் நடுவே படுத்துக் கிடந்த ஒரு ஜீப்பை விலை பேசி, லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தேன். யந்திர சாஸ்திரத்தில் எனக்கு அதுவரை இருந்த பரிச்சயம், பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகம் போதித்த அளவே. மரை கழன்றவன் என்று உறவினர்கள் அபிப்பிராயப்பட்டார்கள். பட்டறையில் கழன்று கிடந்த மரைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஜீப்பின் ஜனன வரலாறு ஓர் அநீதியின் வரலாறுங்கூட. 1940-ம் வருஷம், ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு பிரான்ஸும் வீழ்ந்துவிட்ட வேளையில், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய இலகுவான ஒரு சிறு வண்டி வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதி, மாதிரி வண்டியை 49 நாட்களுக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று கெடு விதித்தது. பெரிய ஸ்தாபனங்கள் பலவும் வாய் திறவாதிருக்க, பென்சில்வேனியா மாகாணத்துப் பட்லர் என்னும் ஊரில் நொடித்துப்போகும் தறுவாயில் இருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியரை வரவழைத்து, இரவு பகலாக வேலை செய்து, அவ்வாண்டு செப்டம்பர் 23-ம் தேதி ஹோலபேர்ட் முகாமின் வாயிலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அவ்வளவு சிறிய கம்பெனியால் லட்சக்கணக்கில் வண்டி செய்து கொடுக்க இயலாது என்று கருதிய ராணுவம், அந்த வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளின் பார்வைக்கும் வைத்தது. யுத்தம் முடிவதற்குள் வில்லிஸ் ஏறக்குறைய 3,60,000 வண்டிகளும், ஃபோர்டு ஏறக்குறைய 2,80,000 வண்டிகளும் செய்து தள்ளின. முதல் வண்டியைச் சிருஷ்டித்த பாண்டமோ சில ஆயிரங்களோடு நிறுத்தப்பட்டு, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் செய்யும்படி ஆயிற்று.

என் வண்டி வில்லிஸா ஃபோர்டா என்ற பிரச்சினையைத் தீர்த்துவைத்தவை மண்ணெண்ணெயும் ஒரு கம்பி பிரஷ்ஷுமே. முகப்பில் ஒன்பது பிளவுகள் இருந்தபடியால் அது யுத்த காலத்து வண்டி என்பது முன்பே தெரிந்துவிட்டது; யுத்தத்துக்குப் பின் பொதுமக்களுக்காக வந்தவற்றில் பிளவுகள் ஏழுதான். ஆனால் சேஸிஸின் முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டிலோ கவிழ்த்து வைத்த தொட்டிபோல் இருக்கும். பல தலைமுறைக் கிரீஸும் மலைச் சேறும் ஒன்றாய் இறுகி, ஒரு விரற்கடைக் கனத்துக்கு அப்பியிருந்ததைச் சுரண்டிக்கொண்டே போனபோது, தொட்டி வடிவம் புலப்பட்டது. அதன் அருகே இருந்த ஒரு போல்ட்டின் தலையைத் துடைத்தால், அதன்மேல் ஃபோர்டு கம்பெனியின் கையெழுத்துப் பாணியில் வளைந்த, நக அளவேயான ‘எஃப்’ எழுத்து! போல்ட்டு, கொக்கி, அடைப்பு என்று தன் தொழிற்சாலையில் செய்த சின்னஞ்சிறு சாமானிலும் அந்தக் கம்பெனி இந்த எழுத்தைப் பொறித்தது. இதனை வர்த்தக ஜாக்கிரதை என்பார்கள். எனக்கு அது சற்று அதிகப்படியான கர்வமாகவே தோன்றுகிறது. ஆயினும், எண்பது வருஷங்களுக்கு அப்பால் ஒரு கிழவன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த எழுத்தைத் தேடித் தேடிச் சந்தோஷப்படுவான் என்பதை ஹென்றி ஃபோர்டும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

புதிதாக இந்தக் காரியத்தில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே சொல்லிவிடுவது தர்மம். இந்த ஜீப்புகளின் இடப்பக்கத்துச் சக்கரங்களை நிறுத்தும் நட்டுகள் எதிர்மரை உடையவை. வழக்கம்போல் கழற்ற முயன்றால் அவை மேலும் இறுகும், குழாயை மாட்டி ஏறி மிதித்தால் போல்ட்டே முறியும். இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. யுத்த காலத்துச் சக்கரங்கள் பலவும் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, எட்டு நட்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் ஐந்து நட்டுகள் வேறு, இந்த எட்டும் வேறு என்று அறியாமல், டயரில் காற்று இருக்கும்போதே இவற்றைத் தளர்த்தினால், இரண்டு பாதிகளும் வெடித்துச் சிதறும். என் வண்டியின் நான்கு சக்கரங்களும் எக்காலத்திலோ மாற்றப்பட்டுவிட்டன. ஸ்டெப்னி மாத்திரம் பழைய சக்கரம். அதன் வால்வுக் கட்டையை முதலில் கழற்றி வீசிவிட்ட பிறகே மெக்கானிக்கை அதன் அருகே வரவிட்டேன்.

அந்த மெக்கானிக், ஜீப்புகளிலேயே தலை நரைத்தவர். தோட்டத்துக்காரர் பெட்ரோல் யந்திரத்தை எடுத்துப் போட்டுவிட்டு டீசல் யந்திரம் வைத்திருந்தார். கூலியாட்கள் அதிகம் ஏறுவதற்காக வண்டியின் பின்பாகத்தைத் தகரம் வைத்து நீட்டியுமிருந்தார். இரண்டையும் நான் களையப் போகிறேன் என்று கேட்டதும் மெக்கானிக்கின் முகத்தில் பரிதாபம் படர்ந்தது.

“ஏனுங்க சார், டீசல் இருக்கறப்ப எதுக்குங்க பெட்ரோலு? உங்க பென்சன் பங்க்குக்கே பத்தாதுங்களே!” என்றார்.

அவர் கணக்கில் பிழையில்லை. ஆனாலும், பழைய இரும்புக் கடையொன்றில் கிடைத்த 2.2 லிட்டர், 60 குதிரைச் சக்தி யந்திரத்தின் மூடியைத் திறந்து, வால்வுகள் தலைமேல் இல்லாமல் பக்கத்தில் வரிசையாக நிற்பதைக் கண்டவுடன், அவரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். இந்த விஷயத்தில் நம் தேசத்துக்காரனுக்கு ஓர் அனுகூலம் உண்டு. 1947 முதல் பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கி, பிறகு பல பதிற்றாண்டுகள் அந்த வம்சத்து வண்டிகளையே செய்துவந்தபடியால், சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் வீச்சும் மாறாமல் நின்று, வெள்ளைக்காரன் நாட்டில் தபாலில் தருவிக்கும் பாகங்கள் சில நமக்குத் தெருக்கோடிக் கடையில் அகப்படுகின்றன. கிடைக்காதவற்றுக்குக் கோயம்புத்தூரின் லேத்துப் பட்டறைகள் இருக்கவே இருக்கின்றன. உடற்கூடு முழுவதையுமே புதிதாகச் செய்து விற்கும் தொழில் பிலிப்பைன்ஸில் நடக்கிறது. அதை நான் விரும்பவில்லை. ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளிடத்தும் எனக்கு நம்பிக்கையில்லை. லண்டனில் ஹை கமிஷனராயிருந்த கிருஷ்ண மேனன் 1948-ல் புதுப்பித்த ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்து, 155 வண்டிகள் மாத்திரமே வந்திறங்கி, அவையும் உதவாதவை என்று பார்லிமெண்டில் பெருங்கூச்சல் எழுந்ததை மறந்துவிட்டவர்கள் வேண்டுமானால் அப்படிப்பட்ட வண்டியை வாங்கலாம்.

இத்தனையும் பணத்தாலும் பொறுமையாலும் தீரக்கூடியவை. தீராத கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டியை எந்த ஆண்டுக்குத் திருப்புவது? சேவலும் குழந்தையும் போடும் சத்தத்துக்கு நடுவே ஒரு காலை வேளையில், முன்பலகையிலுள்ள சிறு பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தேன். மேலே வெள்ளை, அதன் கீழே நீலம் கலந்த சாம்பல், அதற்கும் கீழே, பளபளப்பே இல்லாத, காய்ந்த புளியிலை போன்ற பசுமை. யுத்தத்தின் வர்ணம் அதுவே. இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் பெரும்பாலோர், மேலேயுள்ள இரண்டையும் அழித்துவிட்டுக் கடைசி வர்ணத்தையே சத்தியம் என்று கொள்கிறார்கள். வெள்ளை நட்சத்திரம், மண்வெட்டி, கோடரி, பானட்டில் எண் என்று வரிசையாக வைத்து, வண்டியைத் தொழிற்சாலை வாயிலில் புறப்பட்ட நாளுக்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். யுத்தத்தில் அது இருந்தது அதிகம் போனால் மூன்று வருஷம். மலையில் ஏலக்காய் மூட்டையும் பிரசவ வேதனையில் துடித்த பெண்களையும் சுமந்து ஏறி இறங்கியதோ அரை நூற்றாண்டு. இவ்வளவு நீண்ட ஜீவிதத்தை அழுக்கென்று தள்ளிவிட்டு, கொஞ்ச காலம் பூண்ட வேஷத்தை மாத்திரம் மெய்யென்று சாதிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. நம் கோயில்களில் ஜீரணோத்தாரணம் என்ற பேரால் மணல் வீச்சு நடத்தி, கல்வெட்டுகளை வழுவழுப்பாக்கிய பிறகல்லவா அதற்குத் தடை வந்தது! அதே மணல் வீச்சைத்தான் துருவெடுக்கச் சிறந்த வழியென்று எனக்கும் பலர் சிபாரிசு செய்தார்கள். தகட்டில் பொறித்த எண்களும் அதோடு போய்விடும் என்பதால் நான் இசையவில்லை.

இந்தச் சர்ச்சையில் சட்டம் என் பக்கம் நின்றது ஒரு வேடிக்கை. பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமல்லாத எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை பூசலாகாது என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி சொல்லுகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021-ல் வந்த விதியோ, சேஸிஸ், உடற்கூடு, யந்திரம் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யாமல் அசல் ரூபத்தில் இருக்கவேண்டும் என்கிறது. ஆக, ராணுவ ஜீப்பு தன் ரூபத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், வர்ணத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாது! புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆயுள் பத்து வருஷம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்க்கவும் எண்ணெய் போடவும் அல்லாமல் தினமும் ஓட்டிக்கொண்டு திரியவும் முடியாது. ஆகவே, தோட்டத்துக்கு வந்த நாளில் அது இருந்த கோலமே என் தீர்மானம்: பெட்ரோல் யந்திரம், குட்டை உடல், நீலச் சாம்பல். சிறு பெட்டியின் கதவுக்கு உள்ளே நான் சுரண்டிய அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் படவில்லை.

மலைத் தோட்டங்களிலும் அரிசி மில் முற்றங்களிலும் இத்தகைய ஜீப்பு இன்னும் கிடக்கக்கூடும். உங்கள் வசம் ஒன்று இருந்து, அதைக் காயலான் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால், தயவுசெய்து முகப்பின் பிளவுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருந்தால், சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள்: ஃபோர்டானால் யந்திரத் தாங்கிக்குச் சற்று முன்னே சட்டத்தின் மேற்புறத்தில் எண் வெட்டியிருக்கும், வில்லிஸானால் முன்பம்பருக்குப் பின்னால் சட்டத்தின் உட்புறத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். அந்த எண்ணைக் குறித்து, ஒரு படமும் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்று யோசியுங்கள்.