விலையை ஏன் இன்பொக்ஸில் ஒளிக்கிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. தறி வைத்திருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தாலும் முழுதாக வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

மருதமுனைக் கைத்தறி என்று பேச்செடுத்தாலே எமதூரில் ஒரே புலம்பல்தான். நூல் விலை ஏறிவிட்டது, இளம் பிள்ளைகள் தறியில் இருக்கிறார்களில்லை, அரசாங்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. இதில் எதுவும் பொய்யில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து தறிகளை அள்ளிப் போனதை நாம் கண்ணால் கண்டோம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, வெளிநாட்டு நூலையும் சாயத்தையும் நம்பியிருந்த வீடுகள் பட்ட பாட்டையும் கண்டோம்.

ஆனால் டொலரும் கடலும் எமது கையில் இல்லை. எமது கையில் இருப்பது விற்பனை. அதைத்தான் மற்றவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு இருக்கிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான். தறி வாசலில் 1,500 ரூபாவுக்கு எடுக்கும் சாறன் ஒரு பேஸ்புக் பக்கத்தில் 2,500 ரூபாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு, சாயத்துக்கு, பாவு ஓட்ட, நெய்ய எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,500. ஒரு போட்டோ எடுத்துப் போட்டவருக்கு 1,000. வியாபாரம் ஹலால்தான், அதில் குறை சொல்லவில்லை. அந்தப் போட்டோவை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எடுக்கத் தெரியாதா என்பதுதான் எமது கேள்வி.

உயர்தர வர்த்தகப் பிரிவில் எமது பிள்ளைகள் சந்தைப்படுத்தல் கலவையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பொருள், விலை, இடம், மேம்படுத்தல் எல்லாம் மனப்பாடம். பின்னேரம் வீட்டுக்குப் போனால் உம்மா நூல் சுற்றிய, வாப்பா நெய்த சாறனைத் தரகர் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். படிப்பு எதற்கு?

சரி, நேரடியாக விற்கப் புறப்பட்ட சிலரும் என்ன செய்கிறார்கள்? ஒரு பக்கம் திறந்து, இணையத்தில் கிடைத்த யாரோ ஒரு மொடலின் போட்டோவைப் போட்டு, கீழே "விலைக்கு இன்பொக்ஸ்" என்று எழுதுகிறார்கள். கடையில் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கும் நாடு இது. போனில் விற்றால் மட்டும் விலை இரகசியமா? கேட்கக் கூச்சப்படுபவர் கேட்காமலே போய்விடுவார். கேட்பவர் ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுவார்.

"விலையைப் போட்டால் பக்கத்துத் தறிக்காரர் குறைத்துப் போடுவார்" என்கிறார்கள். பக்கத்துத் தறிக்காரருக்கு உங்கள் விலை தெரியாதா? இரண்டு பேரும் ஒரே தரகருக்குத்தானே கொடுக்கிறீர்கள்! விலை தெரியாமல் இருப்பவர் வாங்க வந்தவர் மட்டும்தான்.

அடுத்தது பூஸ்ட் பைத்தியம். "காசு கட்டி பூஸ்ட் பண்ணாமல் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லித் தறிக்காரரிடம் காசு கறக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. நாம் கேட்கிறோம்: இரண்டு தறி உள்ள வீட்டில் ஒரு மாதத்தில் எத்தனை சாறன் வரும்? அறுபது என்றே வைப்போம். அறுபது சாறனுக்கு இருபதாயிரம் லைக் எதற்கு? உங்களை நம்பி வருடத்துக்கு இரண்டு தடவை வாங்கும் முந்நூறு, நானூறு குடும்பங்கள் போதும். அந்தக் குடும்பங்களைப் பிடிக்கப் பூஸ்ட் தேவையில்லை. கீழே உள்ளவை போதும், எல்லாம் சும்மா கிடைப்பவை.

1. வட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குக் காசு இல்லை. வேறொரு இலக்கம் இருந்தால் அதே போனில் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதில் உள்ள கெட்டலொக்கில் ஒவ்வொரு பொருளின் போட்டோ, அளவு, விலை போடுங்கள்.

2. வாங்கியவரிடம் "எங்கள் இலக்கத்தை சேவ் பண்ணுங்கள்" என்று சொல்லுங்கள். புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தை சேவ் பண்ணியவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பெருநாளைக்கு ஒரு மாதம் முன்னர் ஒரு செய்தி, புது டிசைன் இறங்கினால் ஒரு செய்தி. தினமும் அனுப்பினால் புளொக் பண்ணிவிடுவார்கள்.

3. தறி ஓடும்போது 20 செக்கன் வீடியோ எடுங்கள். தறிச் சத்தம் கேட்கட்டும். மெஷின் துணியைக் கைத்தறி என்று விற்பவரால் அந்த வீடியோவைப் போட முடியாது. பெண்கள் முகம் காட்டத் தேவையில்லை, நெய்யும் கையும் துணியும் போதும்.

4. போட்டோவைப் பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்து எடுங்கள். ஃபில்டர் போடாதீர்கள்.

5. கூகுள் மெப்பில் உங்கள் இடத்தைப் பதியுங்கள். அதற்கும் கட்டணமில்லை. வெளியூரிலிருந்து வருபவர் தேடினால் தரகர் கடைக்கு முன்னர் உங்கள் வீடு தெரியட்டும்.

6. ஸ்லிப்பின் போட்டோவை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகு பார்சலைக் கட்டுங்கள். போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது உண்மை. மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்த தானியம் என்று வைத்திருந்த வியாபாரியின் குவியலுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த சம்பவம் எமது பிள்ளைகளுக்கே தெரியும். இன்று அந்தக் குவியல் போன் திரையில் இருக்கிறது. நூல் பருத்தியா கலப்பா, முதல் கழுவலில் சாயம் விடுமா, நெசவில் பிசகு உண்டா, வாங்க முன்னரே சொல்லிவிடுங்கள். பிசகு உள்ளதைக் குறைந்த விலையில் தனியாகப் போடுங்கள். அதற்கும் ஆள் வரும், நம்பிக்கையும் வரும்.

வாங்கும் எமக்கும் ஒரு சொல். கொழும்புக் கடையில் ஏசியின் கீழ் நின்று ஒரு ரூபா குறைத்துக் கேட்கமாட்டோம். எமதூர்த் தறி வாசலில் மட்டும் "நம்மட ஆள்தானே காக்கா" என்று முந்நூறு ரூபா குறைப்போம், மீதியைக் கடன் சொல்லுவோம். தறிக்காரர் சொல்லும் விலையைக் கையோடு கொடுங்கள். பொருள் நல்லதென்றால் உடுத்து ஒரு போட்டோ எடுத்து அவருடைய இலக்கத்தோடு ஸ்டேட்டஸில் போடுங்கள். நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு ஸ்டேட்டஸ், காசு கட்டிய பூஸ்டை விடப் பெரிது.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எமதூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரு தறி வீட்டைப் பொறுப்பெடுத்தால் இரண்டு பின்னேரத்தில் கெட்டலொக் தயார். ஆசிரியர்கள் நாம் பிள்ளைகளை அனுப்புவதற்குத் தயார். தறி வீட்டார் கதவைத் திறங்கள்.

இந்தப் பதிவுக்கு லைக்கும் மாஷா அல்லாஹ்வும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். தறி வைத்திருப்பவர்கள் கீழே கொமென்டில் உங்கள் துணியின் போட்டோவைப் போடுங்கள். பக்கத்தில் விலையையும் எழுதுங்கள்.